கப்பலில் டிப்ஸை எடுத்துவிடச் சொல்லும் நம் பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பயணக் குழுச் செயலாளர் அண்ணாவுக்கும், குழுவில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கும், நம்மோடு சிங்கப்பூர் சுற்றுலாக் கப்பல் பயணத்துக்கு வரப்போகும் மும்பைப் பக்கத்து நெரூல், வாஷி, செம்பூர் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் பயணக் குறிப்புகள் என்று நீளமாக ஒரு செய்தி வந்தது. பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, முட்டி வலிக்காரர்கள் எந்த லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேட்க வேண்டும் என்பது வரை எல்லாம் அதில் இருந்தது. உட்கார்ந்து எழுதியவருக்கு நன்றி. ஆனால் அதில் ஒரு குறிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. கப்பல் ஏறியதும் முதல் வேலையாக எல்லோரும் சேவைக் கவுண்ட்டருக்குப் போய், நம் கணக்கில் தினமும் தானாக ஏறும் டிப்ஸ் தொகையை எடுத்துவிடச் சொல்ல வேண்டுமாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர், நான்கு இரவுக்குத் தம்பதிக்கு 144 டாலர், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். யார் நன்றாகக் கவனிக்கிறார்களோ அவர்களுக்கு நம் கையால் ஏதாவது கொடுத்துக்கொள்ளலாமாம். கீழே கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுந்திருந்தன.

அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தொகையை முழுசாக விட்டுவைத்து, அதற்கு மேல் முடிந்தவர்கள் கையிலும் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. நெரூலில் எங்கள் வீட்டு மேல்தளத்தைக் கப்பல் வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். பேலாப்பூரில் ஏஜென்சி இன்டர்வியூ, பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, மஞ்சள் காய்ச்சல் ஊசி, பாந்த்ரா குர்லா வளாகத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கப்பல் பணியாளர் விசா என்று ஒவ்வொன்றாக அலைந்து முடிக்க அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகிறது. கோவாக்காரர்களுக்குத் தோபி தலாவில் ஊருக்கு ஒரு ‘கூட்’ உண்டு. கப்பலுக்குக் காத்திருக்கும் காலத்தில் தங்கிக்கொள்ள அவர்கள் ஊர்க்காரர்களே அந்தக் காலத்தில் ஏற்படுத்தி வைத்த இடம். நம் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. எங்களைப் போல நாலு வீடு இருக்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போதும் பலர் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார்கள். அப்போது அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் கப்பலுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் இந்த 18 டாலர் எங்கே போகிறது என்று பார்ப்போம். முன்பெல்லாம் கப்பலில் ஒரு குடும்பத்துக்கு ஒரே மேசை, பயணம் முழுக்க ஒரே சர்வர். கடைசி ராத்திரி அவர் கையிலும் அறையைப் பார்த்துக்கொண்டவர் கையிலும் ஆளுக்கு ஒரு உறை கொடுப்பார்கள். அப்புறம் கப்பல்கள் பெரிதாகின. ஒரே கப்பலில் பத்துப் பன்னிரண்டு சாப்பாட்டு இடம் வந்தது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று பயணிகள் சாப்பிட ஆரம்பித்ததும் யாருக்கு உறை கொடுப்பது என்று தெரியாமல் போனது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஆளுக்கு இத்தனை என்று தினமும் கணக்கில் ஏற்றிவிட்டுப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு வந்தன. இன்று பெரிய அமெரிக்க நிறுவனங்களில் சாதாரண அறைக்கு இது ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை இருக்கிறது. அறையைச் சுத்தம் செய்யும் ஸ்டூவர்டு, சர்வர், உதவி சர்வர் ஆகியோரோடு நம் கண்ணில் படாமல் பின்னால் வேலை செய்யும் ஹோட்டல் பிரிவு ஆட்களுக்கும் அதிலிருந்து பங்கு போகிறது.

போன மழைக்காலத்தில் வந்திருந்த ஒரு தம்பி தன் சம்பளச் சீட்டைப் போனில் திறந்து என்னிடம் காட்டினான். கேபின் ஸ்டூவர்டு. மேலே அடிப்படைச் சம்பளம் என்று ஒரு வரி, அதற்குக் கீழே டிப்ஸ் பங்கு என்று ஒரு வரி. இரண்டாவது தொகை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு மாதாமாதம் போகும் அலாட்மென்ட், தங்கச்சி படிப்பு, அடகு வைத்த நகைக்கு வட்டி எல்லாம் அந்த இரண்டாவது வரியிலிருந்துதான் போகிறது. “இந்த வரி எங்க கையில இல்லக்கா. கவுண்ட்டர்ல எத்தனை பேர் நிக்கிறாங்கங்கறதப் பொறுத்து அது ஏறும் இறங்கும்” என்றான்.

நாம் எடுத்துவிடச் சொல்லும் பணம் அந்த வரியில்தான் இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் லாபத்தில் அதனால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது.

கையால் கொடுத்தால் நேராக அவர்களுக்கே போய்ச் சேருமே என்று நம்மில் பலர் நினைக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் நினைக்கிறீர்கள், தெரியும். ஆனால் கையில் கொடுப்பது நாம் பார்த்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும்தான். கப்பலுக்கு அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே, சலவைக்கூடத்தில் நம் படுக்கை விரிப்புகளை வெந்நீரில் போட்டு எடுத்து மடிப்பவனை நாம் பார்க்கப்போவதே இல்லை. நடுராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கட்டுக் கைப்பிடிகளைத் துடைப்பவனையும் பார்க்க மாட்டோம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவருக்கு மட்டும் கையில் வைத்துவிட்டு, பின்கட்டில் அண்டா தேய்த்தவரைச் சும்மா அனுப்பினால் பெண் வீட்டாருக்கு அது அழகா? இன்னொன்றும் இருக்கிறது. சில நிறுவனங்களில், தானாக ஏறும் டிப்ஸை ஒரு அறைக்காரர் எடுத்துவிட்டால், அவர் கையில் கொடுக்கும் ரொக்கத்தையும் பணியாளர் பொதுக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும் என்று விதி உண்டு. கட்டணத்தை விட்டுவைத்து மேலே கொடுத்தால் அது கொடுத்தவருடைய ஸ்டூவர்டுக்கே. எடுத்துவிட்டுக் கொடுத்தால் அந்தப் பையன் நம் நோட்டை வாங்கிக்கொண்டு போய் மேலாளர் மேசையில் வைக்க வேண்டும்.

இனி அந்தச் செய்தியில் சொல்லியிருந்த சட்ட விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலையும், அதைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று சரி என்று சொன்னதையும் எடுத்துக்காட்டி, சர்வீஸ் சார்ஜ் எங்கேயும் கட்டாயமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வழிகாட்டுதல் இந்தியாவில் உள்ள ஓட்டல்களும் உணவகங்களும் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்ப்பதைப் பற்றியது. மாட்டுங்காவிலோ வாஷியிலோ அப்படிச் சேர்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்கு அழையுங்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஏனென்றால் இங்கே அந்த ஓட்டல் பையனுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று அரசு வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது. கடைப்பிடிக்காத முதலாளி இருக்கலாம். ஆனால் போய்க் கேட்க ஒரு தொழிலாளர் அலுவலகம் இருக்கிறது.

கப்பல் கதை வேறு. இந்தச் சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற இடங்களில் பதிவானவை. எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுச் சட்டம்தான் கப்பலுக்குள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது 2006-இல் ஏற்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் 2015-இல் அதில் சேர்ந்தது. அது நல்ல உடன்படிக்கைதான். ஓய்வு நேரம், சாப்பாடு, மருத்துவம், ஊருக்குத் திரும்ப டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதில் விதி இருக்கிறது. ஆனால் வேலை நேரத்துக்கு அது வைத்திருக்கும் எல்லை என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். சம்பளத்துக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச அடிப்படைத் தொகை 2026 ஜனவரி முதல் மாதம் 690 டாலர். அதுவும் அனுபவமுள்ள மாலுமிக்குச் சொன்ன அளவு, பரிந்துரை மட்டுமே. சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு எடுப்பவனுக்கென்று ஒரு தனி வரி கிடையாது.

கப்பலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம். அது முடியும் வரை வார விடுமுறை இல்லை. ஒரு அறைக்குள் இரண்டு பேர், ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டில். நாம் இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பது பத்து மணிக்குள் நாம் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவோம். மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏற ஆரம்பித்துவிடும். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்டூவர்டு தன் பொறுப்பில் இருக்கும் பதினைந்து இருபது அறைகளிலும் விரிப்பை உருவி, புது விரிப்புப் போட்டு, குளியலறையைத் தேய்த்து, ஷவர் கண்ணாடியில் தண்ணீர்த் திட்டு இல்லாமல் துடைத்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து யாராவது செருப்பையோ பல்செட்டையோ விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்து, குப்பையைத் தரம் பிரித்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு பையன் சொன்னான், அந்த நாளில் தண்ணீர் குடிக்கவே மறந்துவிடுமாம். சாயங்காலம் சிரித்த முகத்தோடு புதிதாக வந்தவர்களின் அறைக்கதவைத் தட்டித் தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நம் கூட்டம் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுக்கும் கூட்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் தப்பில்லை, நம் வழக்கம் அப்படி. வெங்காயம் பூண்டு இல்லாமல் சிலருக்கு, முட்டை வாசனையே ஆகாது சிலருக்கு. சாப்பாட்டோடு தயிர் வேண்டும், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வேண்டும், ராத்திரி மாத்திரைக்கு ஒரு டம்ளர் பால் வேண்டும். ஒரு மேசையில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து பக்கத்து மேசைக்குப் போய்ப் பேசுவோம். யார் எதைக் கேட்டார்கள் என்று உதவி சர்வர் தேடிக்கொண்டு வர வேண்டும். பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் நான்கு பேர் படுத்தால், சுவரிலிருந்து இறக்கும் மேல்கட்டிலைக் காலையில் ஏற்றி ராத்திரியில் இறக்க வேண்டும். இதெல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறார்களே, அதற்குத்தான் மேல்கொண்டு கையில் கொடுக்கச் சொல்கிறேன். தினக் கட்டணம் அவர்களுடைய கூலி. நம் வசதிக்காக அவர்கள் வழக்கத்துக்கு மேல் குனிந்து நிமிர்ந்ததற்கு நாம் தனியாக ஏதாவது செய்ய வேண்டாமா?

மனசை ரொம்ப வலிக்கச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தியர்கள் கூட்டமாக ஏறும் பயணங்களில் முதல் நாள் ராத்திரியே கவுண்ட்டரில் வரிசை நிற்குமாம், டிப்ஸை எடுக்க. பிலிப்பைன்ஸ்காரரும் இந்தோனேசியாக்காரரும் நம் பையன்களிடம் வந்து, “உங்க ஊர்க்காரங்க வந்திருக்காங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்களாம். வேறு எதுவும் சொல்வதில்லை. “அதக் கேட்டுட்டு டிரேயத் தூக்கிட்டு நடக்கறது கஷ்டமா இருக்கும் அக்கா. தமிழ்ல பேசுறாங்களேன்னு ஆசையா போய் நிப்பேன். அவங்களும் ஊரு எது, அப்பா என்ன செய்யறாருன்னு பாசமா கேப்பாங்க. மறுநாள் டிப்ஸ் எடுத்தவங்க லிஸ்ட்ல அவங்க ரூம் நம்பர் இருக்கும்” என்றான் ஒரு பிள்ளை. பாசமாகக் கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் நம்மைப் போல யாரோ ஒரு குறிப்பு அனுப்பியிருப்பார்கள்.

இந்தப் பையன்களில் பலர் கடனோடுதான் கப்பல் ஏறுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வேலை வாங்கித் தருவதற்குக் கப்பல் பணியாளரிடம் பணம் வாங்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. நம் கப்பல் துறை இயக்குநரகமும் உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாக மட்டும் போகச் சொல்லி எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் தரகன் லட்சக்கணக்கில் வாங்குகிறான். அம்மாவின் சங்கிலி போகிறது, சில வீடுகளில் நிலப் பத்திரமும் போகிறது. முதல் ஒப்பந்தம் முழுக்க அந்தக் கடனை அடைக்கவே சரியாகிவிடுகிறது.

சரி, சம்பளத்தை முதலாளி கொடுக்காமல் பயணி ஏன் கொடுக்க வேண்டும் என்று முலுண்டிலிருந்து வரும் பேராசிரியர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. பிரிட்டனின் பி அண்டு ஓ குரூயிசஸ் 2019-இல் இந்தத் தினக் கட்டணத்தையே எடுத்துவிட்டுப் பயணக் கட்டணத்துக்குள் சேர்த்துவிட்டது. வர்ஜின் வாயேஜஸும் ஆரம்பித்தபோது அப்படித்தான் வைத்திருந்தது. ஆகவே முடியாத காரியம் இல்லை. நாம் ஏறப்போகும் நிறுவனத்துக்கு, டிக்கெட் விலையிலேயே இதைச் சேருங்கள், பணியாளருக்கு நிலையான சம்பளம் கொடுங்கள் என்று குழுவின் பெயரில் கடிதம் எழுதுவோம். நானே எழுதித் தருகிறேன், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். ஐயாவின் கையெழுத்து முதலில் இருக்கட்டும். ஆனால் முதலாளியோடு இருக்கும் சண்டையை விரிப்பு மாற்றும் பிள்ளையின் பையிலிருந்து எடுத்துப் போட வேண்டாம் என்று ஐயாவைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

நம் டிராவல்ஸ்காரர் மீதும் எனக்கு வருத்தம் இருக்கிறது. அவர் கொடுத்த விலைப்பட்டியலில் டிக்கெட், துறைமுக வரி, விமானம் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. டிப்ஸ் மட்டும் கடைசியில் பொடி எழுத்தில் ‘கூடுதலாக, நேரில் செலுத்த வேண்டும்’ என்று இருந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் பலர் அதையும் சேர்த்துத் திட்டம் போட்டிருப்பார்கள். மாதப் பென்ஷனில் சீட்டுப் போட்டுச் சேர்த்து வருபவர்களுக்கு, கடைசி நேரத்தில் பன்னிரண்டாயிரம் என்றால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அவர்கள் தயங்குவதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அதனால் ஒரு யோசனை. டிப்ஸைக் கப்பலில் கட்டாமல் இங்கேயே டிக்கெட்டோடு முன்கூட்டிக் கட்டிவிடும் வசதி அநேகமாக எல்லா நிறுவனங்களிலும் உண்டு. டிராவல்ஸ்காரரிடம் சொல்லி, நம் குழு முழுவதுக்கும் அப்படிக் கட்டிவிடலாம். ரூபாயில், இரண்டு தவணையில். சிரமப்படுபவர்கள் செயலாளர் அண்ணாவிடம் மட்டும் தனியாகச் சொல்லட்டும். வசதியுள்ள நாங்கள் சிலர் ஒரு பொது நிதி போட்டு அதைச் சமாளித்துவிடுகிறோம். பெயர் வெளியே வராது. பொங்கல் விழாவுக்கு இப்படித்தானே செய்கிறோம்.

கையில் கொடுப்பது முழுக்க அவரவர் விருப்பம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுப்பவர்களுக்குப் பையன்கள் சொன்ன சில விஷயங்கள். டாலர் நோட்டாகக் கொடுங்கள், ஐந்தும் பத்துமாக இங்கேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். சில்லறைக் காசு கொடுத்தால் அவர்களால் எங்கேயும் மாற்ற முடியாது. நூறு ரூபாய்த் தாளை மணிலாக்காரப் பெண்ணிடம் கொடுத்தால் அவள் அதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கடைசி நாள் காலை எல்லோரும் அவசரத்தில் இருப்போம்; ஸ்டூவர்டு ஏதோ ஒரு அறைக்குள் இருப்பார், கண்ணில் படமாட்டார். அதனால் முந்தின நாள் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் பெரிய சர்வருக்குக் கொடுக்கும்போது, பின்னால் தட்டோடு நிற்கும் உதவி சர்வருக்கும் தனியாகக் கொடுங்கள். எத்தனை என்று கேட்டால், ஒரு அறைக்கு ஸ்டூவர்டுக்கு இருபது டாலர், மேசையில் பரிமாறும் இருவருக்கும் ஆளுக்குப் பத்து டாலர் கொடுக்க நான் நினைத்திருக்கிறேன். அதில் பாதி கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று காசில்லாமல் செய்யக்கூடியது. பயணம் முடிந்ததும் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலில் கருத்துக் கேட்பார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத் திறக்கவே மாட்டோம். அதில் பணியாளரின் பெயரையும் நாட்டையும் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால், பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அது உதவும் என்று பையன்கள் எல்லோரும் சொல்கிறார்கள். பெயர்ப் பட்டையைப் பார்த்துப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமப்படுபவர்கள் என்னிடம் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்கும் நான் தட்டச்சு செய்து தருகிறேன்.

சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால்? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். முதலில் அந்தப் பணியாளரிடம், பிறகு அவருடைய சூப்பர்வைசரிடம். பெரும்பாலும் அன்றைக்கே சரிசெய்துவிடுவார்கள். ஒருவர் மேல் உள்ள குறைக்காக நாற்பது பேருடைய பங்கை எடுத்துவிட வேண்டியதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அறை ஒதுக்கீட்டைப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள் அண்ணா. அந்தக் குறிப்பை நீக்கிப் புதிய செய்தி ஒன்று அனுப்புங்கள். முன்கூட்டிக் கட்ட டிராவல்ஸ்காரர் கேட்கும் தொகையைக் கூட்டத்துக்கு முன்பே விசாரித்து வைக்கிறேன். பொது நிதிக்கு முதல் பங்கு எங்கள் வீட்டிலிருந்து.

அன்புடன்,
நெரூலிலிருந்து உங்கள் சக பயணி